ஓடுகிற படகும் குதிக்கிற படகும்

காவேரிக் கரையில் வாழ்கிறவர்களுக்குப் பரிசலைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முன்காலத்தில் தோலையும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பையும் அடியில் போர்த்தி, தண்ணீரில் தள்ளிவிட்டால் அதுதான் பரிசல். உலகத்திலுள்ள வாகனங்களுக்குள்ளே இவ்வளவு சாதுவானது வேறொன்று உண்டா என்பது சந்தேகம். அதற்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. எந்தத் திசையில் போவதற்கும் அதற்குச் சம்மதந்தான். சுழலில் அகப்பட்டுக் கொண்டால் தட்டாமாலை சுற்றுமே தவிர, லேசில் கவிழ்ந்து விடாது. வேகம் என்கிற ஒரு விஷயத்தை மட்டும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இந்தப் பரிசலுக்கு நேர் விரோதமான குணமுடைய படகு ஒன்று உண்டு. நீளம் இரண்டு அடி. எடை ஒன்றரை அல்லது இரண்டு கிலோ. அதற்குள்ளே கட்டை விரல் பருமனுள்ள ஒரு மின்சார மோட்டாரும், ஒரு பாட்டரியும், ரேடியோச் செய்தியை வாங்கிக் கொள்ளும் ஒரு சின்னப் பெட்டியும் இருக்கின்றன. கரையில் நிற்கிற பையன் கையிலுள்ள கருவியின் விசையை அழுத்தியதும், அது மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சீறிக் கொண்டு கிளம்புகிறது. கிளம்பிய பத்தாவது விநாடியில் மூக்கைத் தூக்கிக் கொண்டு குதிக்கிறது. பதினைந்தாவது விநாடியில் குப்புறக் கவிழ்ந்து வயிற்றை ஆகாயத்துக்குக் காட்டுகிறது!

இந்த நிலைமையில் பெரும்பாலான பிள்ளைகள் செய்யும் காரியம் ஒன்றே. "இன்னும் பெரிய மோட்டார் வேண்டும்" என்று வீட்டில் கேட்கிறார்கள். பணம் இருக்கிற வீட்டில் அதுவும் வந்து விடுகிறது. அதன் பலனாகப் படகு பதினைந்தாவது விநாடியில் கவிழ்வதற்குப் பதிலாக ஐந்தாவது விநாடியிலேயே கவிழ்கிறது. வேகத்தை விலை கொடுத்து வாங்கலாம் என்ற நம்பிக்கைதான் இந்தக் குழந்தை விளையாட்டில் முதலில் உடைய வேண்டிய நம்பிக்கை. படகின் வேகம் மோட்டாருக்குள்ளே இல்லை, நிதானத்துக்குள்ளே இருக்கிறது. இதைக் கேட்டால் விடுகதை மாதிரி தோன்றும். ஆனால் இந்த விடுகதையை விடுவிப்பதற்குப் படகுத் தொழிலில் கைதேர்ந்த பெரியவர்கள் சுமார் நூறு வருஷம் பாடுபட்டிருக்கிறார்கள்.

கடலில்லாத நாட்டிலே படகா?

"கடலே இல்லாத கொங்கு நாட்டுக்கும் பந்தயப் படகுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக் கூடும். கோயம்புத்தூரிலிருந்து சமுத்திரத்தைப் பார்க்க வேண்டுமானால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி மேற்கே போக வேண்டும். ஆனாலும் அந்த ஊரிலுள்ள குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் "ஸீ சக்தி" என்ற குழுவாகச் சேர்ந்து, "யாளி" என்று பெயரிட்ட மின்சாரப் படகைத் தயார் செய்து, 2022-ஆம் வருஷம் ஐரோப்பாவிலுள்ள மொனாக்கோ நகரத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே வருஷந்தோறும் ஜூலை மாதத்தில் புகையில்லாத படகுகளுக்கென்று ஒரு போட்டி நடைபெறுகிறது.

அந்தப் போட்டியின் ஒரு பிரிவில் ஒரு விசேஷ விதி உண்டு. படகின் அடிப்பாகத்தைப் போட்டி நடத்துகிறவர்களே எல்லாக் குழுவினருக்கும் ஒரே மாதிரியாகக் கொடுத்து விடுவார்கள். அடக்கிக் கொள்ளக் கூடிய மின்சக்திக்கும் ஒரு வரம்பு உண்டு. ஓட்டுகிறவர் உட்காரும் அறையையும், படகை உந்தும் யந்திரத்தையும் மாணவர்களே அமைத்துக் கொள்ள வேண்டும். எல்லோருக்கும் ஒரே அடிப்பாகம், ஒரே அளவு சக்தி என்று ஆன பிறகு ஜயிப்பது எப்படி? எடையை எங்கே வைப்பது, புரொப்பெல்லரை எந்த ஆழத்தில் இறக்குவது, சக்தியை எப்படி வீணாக்காமல் செலவிடுவது என்பவைகளில்தான் சாமர்த்தியத்தைக் காட்டியாக வேண்டும். இரண்டு அடி நீளமுள்ள ரேடியோப் படகை வைத்துக் கொண்டு பண்ணைக் குட்டையில் பழகுகிற பையன் கற்றுக் கொள்வதும் இதே பாடத்தைத்தான்.

பார்க்கப் போனால், மின்சார மோட்டாரும் லேத்து மெஷினும் கொங்கு நாட்டுக்குப் புதியவை அல்ல. ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோயம்புத்தூரில் 1937-ல் உள்நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்துப் பட்டறைகளில் செய்த மோட்டாரும் பம்பும் எத்தனையோ கிணறுகளில் தண்ணீர் இறைத்திருக்கின்றன. பம்புக்குள்ளே சுழலும் சக்கரத்துக்கும் படகின் பின்னால் சுழலும் புரொப்பெல்லருக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஒன்று தண்ணீரைத் தள்ளுகிறது. மற்றொன்று தண்ணீரைத் தள்ளித் தன்னைத் தானே முன்னால் தள்ளிக் கொள்கிறது.

கம்பியில்லாமல் ஓடிய முதல் படகு

ரேடியோவினால் படகை ஓட்டும் எண்ணம் நேற்று முளைத்ததல்ல. 1894 முதல் 1896 வரையிலான வருஷங்களில் நமது ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் கண்ணுக்குத் தெரியாத மின் அலைகளைச் சுவரைத் தாண்டி அனுப்பித் தூரத்திலிருந்த மணியை அடிக்கச் செய்து காட்டினார். பிறகு 1898-ல் நிகோலா டெஸ்லா என்னும் மேதாவி நியூயார்க் நகரத்தில் ஒரு தொட்டித் தண்ணீரில் சிறு படகை மிதக்கவிட்டு, தாம் விலகி நின்றபடியே அதைத் திருப்பியும் நிறுத்தியும் காட்டினார். அதே வருஷம் நவம்பர் மாதத்தில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று உலகமெங்கும் பறக்கும் ஆளில்லா விமானங்களுக்கெல்லாம் மூதாதை அந்தத் தொட்டிப் படகுதான்.

இப்போதைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. அந்த அலையின் நீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர். இவ்வளவு சிறிய அலைக்குத் தண்ணீர் பெரிய சத்துரு. ஆகையால் படகுக்குள்ளே ஏரியல் கம்பி தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும். அது அடியில் சுருண்டு கிடந்தால், படகு சற்றுத் தூரம் போனதும் எஜமானனின் குரல் காதில் விழாத குதிரையைப் போல் ஆகிவிடும்.

அலையைத் தாண்டுவது எப்படி?

இனி விடுகதைக்கு வருவோம். மெதுவாகப் போகும் படகு தண்ணீரைப் பிளந்து கொண்டு போகிறது. மூக்கருகில் ஓர் அலையும், பின்னால் ஓர் அலையும் எழும்புகின்றன. வேகம் கூடக் கூட இந்த அலையின் நீளமும் கூடுகிறது. அலையின் நீளமும் படகின் நீளமும் சமமாகும்போது, படகு தானே உண்டாக்கிய பள்ளத்தில் அகப்பட்டுக் கொள்கிறது. அதன் பிறகு சக்தியை எவ்வளவு கூட்டினாலும் மேட்டின் மேல் வண்டியை ஏற்றுகிற கதைதான். அறுபது சென்டிமீட்டர் நீளமுள்ள படகுக்கு இந்த எல்லை மணிக்குச் சுமார் மூன்றரை கிலோமீட்டர். சந்தைக்கு நடந்து போகிற மனிதரின் வேகம் கூட இல்லை!

இந்த விஷயத்தைக் கணக்குப் போட்டு நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஃப்ரூட் என்னும் ஆங்கிலேயர். 1860-களில் அவர் "ஸ்வான்", "ரேவன்" என்று பெயரிட்ட இரண்டு விதமான மாதிரிப் படகுகளைச் செய்து ஆற்றில் இழுத்துப் பார்த்தார். கூரிய மூக்குள்ள படகே எந்த வேகத்திலும் சுலபமாகப் போகும் என்று அப்போது பலரும் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணம் தவறென்று தெரிந்தது. பிறகு 1870-களின் ஆரம்பத்தில் டார்க்கீ என்னும் ஊரில் நீண்ட தொட்டி ஒன்று கட்டிப் பரீக்ஷைகளைத் தொடர்ந்தார். நமது நாட்டிலும் சென்னை ஐ.ஐ.டி.யில் இப்படிப்பட்ட தொட்டி இருக்கிறது. விசாகப்பட்டினத்திலுள்ள கடற்படை ஆராய்ச்சிச் சாலையின் தொட்டி 500 மீட்டர் நீளமுள்ளது. பெரிய கப்பலைக் கட்டுவதற்கு முன்னால் சின்னப் படகை ஓட்டிப் பார்ப்பதைப் பெரியவர்கள் விளையாட்டாக நினைப்பதில்லை.

மூன்றரை கிலோமீட்டர் எல்லையைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டரை எட்ட ஒரே வழிதான் உண்டு. படகு தண்ணீரைப் பிளப்பதை விட்டு, தண்ணீரின் மேலே ஏறிச் சறுக்க வேண்டும். சில்லுக் கல்லைக் குளத்தில் தட்டையாக எறிந்தால் அது தத்தித் தத்திப் போவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே தத்துவந்தான். முழு வேகத்தில் பந்தயப் படகின் அடிப்பாகத்தில் பின்புறத்துச் சிறு பகுதி மட்டுமே தண்ணீரைத் தொடுகிறது. எந்த இரண்டு கிலோ எடையை முன்பு அடிப்பாகம் முழுவதும் தாங்கியதோ, அதை இப்போது உள்ளங்கை அகலமுள்ள இடம் தாங்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்துக்கும் எடையின் மையத்துக்கும் ஒத்துப் போகாவிட்டால் படகு குதிக்காமல் என்ன செய்யும்?

முதலில் அடிப்பாகம்

படகைப் பக்குவப்படுத்துகிறவன் முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரை அல்ல, அடிப்பாகத்தை. இரும்பு ஸ்கேல் ஒன்றை எடுத்து, படகைக் கவிழ்த்து, அடியில் நீளவாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பின்புறத்திலிருந்து பாதித் தூரம் வரையில் ஸ்கேலுக்கும் படகுக்கும் இடையே வெளிச்சம் தெரியக் கூடாது. பின்முனையருகில் அடிப்பாகம் கீழ்நோக்கி வளைந்திருந்தால் படகு மூக்கால் தண்ணீரை உழும். மேல்நோக்கி வளைந்திருந்தால் குதிக்கும். அச்சில் வார்த்து வரும் மலிவான படகுகளில் இந்தக் குறை சகஜம். மேட்டை நீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தும், பள்ளத்தைப் பசையால் நிரப்பியும் நேராக்கிக் கொள்ளலாம்.

அடுத்தபடியாக விளிம்புகள். பின்பலகை அடிப்பாகத்தோடு சேருமிடம் கத்தி போல் கூராக இருக்க வேண்டும். அது உருண்டையாக இருந்தால், தண்ணீர் சட்டென்று பிரிந்து போகாமல் பின்பலகையைப் பற்றிக் கொண்டு மேலே ஏறி, படகைப் பின்னுக்கு இழுக்கும். அரை மணி நேர உப்புத்தாள் வேலையினால் கிடைக்கும் வேகத்தைப் பெரிய மோட்டார் கூடக் கொடுப்பதில்லை.

எடை எங்கே இருக்க வேண்டும்?

படகுக்குள்ளே பாட்டரி முதலிய எல்லாவற்றையும் வைத்து மூடி, இரண்டு ஆட்காட்டி விரல்களையும் இரு பக்கத்து அடி விளிம்பில் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். படகு எந்த இடத்தில் தராசு முள்ளைப் போல் சமமாக நிற்கிறதோ அதுவே எடையின் மையம். ஒற்றை அடிப்பாகமுள்ள படகில் அது பின்பலகையிலிருந்து மொத்த நீளத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கிலோ, அதற்குச் சற்றுக் குறைவிலோ இருப்பது நல்ல ஆரம்பம். அறுபது சென்டிமீட்டர் படகுக்கு இது 18 முதல் 20 சென்டிமீட்டர்.

மையம் அதிகமாகப் பின்னால் போனால், மூக்கு தூக்கியும் விழுந்தும் படகு தவளை போல் தாவும். முன்னால் போனால், மூக்கு தண்ணீரிலேயே அழுந்தி, பக்கங்களில் நிறையத் தண்ணீர் தெறிக்கும், வேகம் வராது, திருப்பத்தில் வாலைச் சுழற்றிக் கொள்ளும். பாட்டரியே படகில் கனமான சாமான். ஆகையால் அதை முன்னும் பின்னும் நகர்த்துவதே மருந்து. ஒரு தடவைக்கு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தக் கூடாது. பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக் கொள்வதும் அவசியம்.

முன்பின்னாக மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் சமநிலை பார்க்க வேண்டும். புரொப்பெல்லர் ஒரு பக்கமாகச் சுழலும்போது படகின் உடலை எதிர்ப்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கிறது. பின்னாலிருந்து பார்க்கையில் புரொப்பெல்லர் வலமாகச் சுழன்றால், படகு இடப்பக்கம் அழுந்தும். அப்போது பாட்டரியை வலப்பக்கம் ஒரு விரற்கடை தள்ளி வைப்பதுண்டு. பின்பலகையின் இரு ஓரங்களிலும் சிறு தகடுகள் இருந்தால், இடப்பக்கத்துத் தகட்டை மட்டும் எள்ளளவு கீழே இறக்கினாலும் போதும். புரொப்பெல்லர் இடமாகச் சுழலும் படகுக்கு எல்லாவற்றையும் மாற்றிக் கொள்ள வேண்டும்.

புரொப்பெல்லர் என்னும் பேராசைக்காரன்

மோட்டார் எவ்வளவு நல்லதாயிருந்தாலும் தண்ணீரோடு பேசுவது புரொப்பெல்லர்தான். அதற்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று குறுக்களவு. மற்றொன்று, ஒரு சுற்றுக்கு அது மரையாணி போல் எவ்வளவு தூரம் முன்னேறும் என்கிற அளவு. உதாரணமாக, ஒரு சுற்றுக்கு 56 மில்லிமீட்டர் முன்னேறும் புரொப்பெல்லர் நிமிஷத்துக்கு 20,000 தடவை சுழன்றால், கணக்குப்படி மணிக்கு 67 கிலோமீட்டர் வேகம் வர வேண்டும். ஆனால் தண்ணீர் மரத்தைப் போல் கெட்டியானதல்ல, வழுக்கிக் கொடுக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு வழுக்கலில் போனால் மீதி சுமார் 54 கிலோமீட்டர்.

"அப்படியானால் இன்னும் பெரிய புரொப்பெல்லர் மாட்டினால் என்ன?" என்று கேட்கலாம். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஒரே சாயலில் செய்த புரொப்பெல்லரின் குறுக்களவைப் பத்தில் ஒரு பங்கு கூட்டி, அதே சுழற்சி வேகத்தில் ஓட்டினால், மோட்டார் இழுக்க வேண்டிய பாரம் பத்தில் ஒரு பங்கு மட்டும் கூடுவதில்லை. பத்தில் ஆறு பங்கு கூடுகிறது! 40 மில்லிமீட்டருக்குப் பதிலாக 44 மில்லிமீட்டர் மாட்டிய படகு இரண்டு நிமிஷம் வெகு ஜோராக ஓடிவிட்டு, மூன்றாவது நிமிஷத்தில் புகை விடுவதற்கு இதுவே காரணம். புதுப் புரொப்பெல்லர் மாட்டினால் முதல் ஓட்டத்தை ஒரு நிமிஷத்தில் நிறுத்திவிட்டு, மோட்டாரையும், வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும், பாட்டரியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கையை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் சிறிய புரொப்பெல்லருக்குத் திரும்புவதே புத்திசாலித்தனம்.

பெரியவர்களும் இந்தப் பாடத்தைச் சிரமப்பட்டே கற்றார்கள். நீராவி டர்பைனைக் கண்டுபிடித்த சார்ல்ஸ் பார்சன்ஸ் 1894-ல் "டர்பீனியா" என்ற சுமார் நூறு அடிக் கப்பலைக் கட்டினார். யந்திரத்தின் சக்தியோ அபாரம். ஆனால் கப்பல் இருபது கடல் மைலைக் கூடத் தாண்ட மறுத்தது. ஒற்றைப் புரொப்பெல்லர் அசுர வேகத்தில் சுழன்று, தண்ணீரை நுரைக் குமிழிகளாக்கி, அந்தக் குமிழிக்குள்ளேயே வீணாகச் சுற்றிக் கொண்டிருந்தது. பார்சன்ஸ் இதன் காரணத்தைக் கண்டுபிடிக்க முனைந்தார். சிறு தொட்டி ஒன்றில் புரொப்பெல்லரைச் சுழற்றிக் குமிழிகளைப் படம் பிடித்து ஆராய்ந்தார். பிறகு மூன்று அச்சுகளில் மும்மூன்றாக ஒன்பது புரொப்பெல்லர்களை வைத்து வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தார். அதே கப்பல் 1897-ல் மணிக்கு 34 கடல் மைல் வேகத்தில் ஓடி, பிரிட்டிஷ் கடற்படை அணிவகுப்பையே திகைக்கச் செய்தது.

ஏர்க்காலும் அச்சுத் தாங்கியும்

பந்தயப் படகில் புரொப்பெல்லர் பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலுமாகச் சுழல்கிறது. அதைப் பிடித்திருக்கும் அச்சுத் தாங்கியை ஏற்றி இறக்கவும் சாய்க்கவும் திருகாணிகள் இருக்கும். உழவு மாடு கட்டிய அனுபவமுள்ளவர்களுக்கு இந்த இடம் நன்றாக விளங்கும். ஏர்க்காலில் நுகத்தடிக் கயிற்றை ஒரு விரற்கடை மாற்றிக் கட்டினால் கொழு ஆழமாக இறங்குகிறது; அல்லது மண்ணைக் கீறிக் கொண்டு மேலே வருகிறது. மாடும் அதேதான், கலப்பையும் அதேதான், உழவு மட்டும் மாறிவிடுகிறது. படகிலும் அப்படியே.

ஆரம்பத்தில் அச்சு அடிப்பாகத்துக்குச் சமானமாகவும், அச்சின் நடுமட்டம் அடிப்பாகத்தின் கடைசி மட்டத்தோடு ஒட்டியும் இருக்கட்டும். மூக்கு அளவுக்கு மேல் தூக்கினால், புரொப்பெல்லர் படகின் பின்புறத்தைச் சற்று மேலே தூக்கும்படி தாங்கியின் சாய்வை மயிரிழை மாற்ற வேண்டும். முழு வேகத்தில் படகு இடமும் வலமுமாக ஆடி ஆடி ஓடினால், தாங்கியை ஒரு மில்லிமீட்டர் ஆழப்படுத்திப் பார்க்கலாம். பின்தகடுகளைச் சிறிது இறக்கலாம். வேகம் கொஞ்சம் குறையும். ஆடுகிற படகின் ஐம்பது கிலோமீட்டரைக் காட்டிலும் ஆடாத படகின் நாற்பத்தைந்து கிலோமீட்டர் பந்தயத்தில் முன்னதாக வந்து சேரும்.

மோட்டாரையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் முறுக்குக் கம்பி அச்சுக்கு, ஓடும் நாளெல்லாம் கிரீஸ் பூச வேண்டும். பாரம் ஏறும்போது அந்தக் கம்பி முறுக்கிக் கொண்டு சற்றுக் குட்டையாகும். ஆகையால் தாங்கிக்கும் புரொப்பெல்லரைப் பிடிக்கும் கட்டைக்கும் நடுவே ஓரிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடாமல் பூட்டினால், அச்சு தானே தன்னை நெருக்கிக் கொண்டு சக்தியைத் தின்றுவிடும்.

ஒரு தடவைக்கு ஒரு மாறுதல்

மேலே சொன்ன மருந்துகளையெல்லாம் ஒரே நாளில் ஒரே படகுக்குக் கொடுப்பதுதான் மிகப் பெரிய தவறு. பாட்டரியை முன்னால் தள்ளி, புரொப்பெல்லரையும் மாற்றி, தகட்டையும் வளைத்துவிட்டு ஓட்டினால், படகு நன்றாக ஓடினாலும் காரணம் தெரியாது. கெட்டுப் போனாலும் காரணம் தெரியாது. சென்னிமலைத் தறிக்காரர் பாவு இழை அறுந்தால், தறியின் எல்லா உறுப்புகளையும் ஒரேயடியாகக் கழற்றுகிறாரா? ஒவ்வொன்றாகத் தொட்டு, இழுத்து, தளர்த்தி, எது காரணம் என்று கண்டுபிடிக்கிறார்.

ஆகவே படகுக்கு ஒரு நோட்டுப் புஸ்தகம் வேண்டும். தேதி, காற்று, தண்ணீரின் நிலைமை, எடையின் மையம், புரொப்பெல்லர், தாங்கியின் ஆழம், ஓடிய நேரம், மோட்டாரின் சூடு ஆகிய எல்லாவற்றையும் எழுத வேண்டும். கரையில் நூறு மீட்டர் அளந்து இரண்டு குச்சிகளை நட்டு, காற்றோடு ஒரு தடவையும் காற்றுக்கு எதிராக ஒரு தடவையும் ஓட்டி, கடிகாரத்தால் நேரம் பார்த்துச் சராசரி எடுத்தால் வேகம் தெரிந்துவிடும். நூறு மீட்டரை எட்டு விநாடியில் கடந்தால் மணிக்கு 45 கிலோமீட்டர். கணக்குப் பாடத்தைக் கண்டு அஞ்சி ஓடுகிற பையன் கூட இந்தக் கணக்கை இரண்டு தடவை சரி பார்ப்பான்.

வேகம் கூடும்போது காற்றும் ஒரு கட்சிக்காரனாக வந்து சேர்கிறது. தூக்கிய மூக்கின் கீழே காற்று புகுந்து படகைப் பின்புறமாகப் புரட்டிவிடும். இங்கிலாந்தில் கானிஸ்டன் ஏரியில் 1967 ஜனவரி 4-ந் தேதி டொனால்ட் காம்பெல் என்ற வீரர் மணிக்கு 480 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போகையில், அவருடைய "ப்ளூபேர்ட்" படகு மூக்கைத் தூக்கிக் கொண்டு பின்புறமாகப் புரண்டது, அவர் உயிரிழந்தார். பதினொரு வருஷங்களுக்குப் பிறகு, 1978 அக்டோபர் 8-ந் தேதி, ஆஸ்திரேலியரான கென் வார்பி சிட்னியில் தம் வீட்டுக் கொல்லையில் மரத்தால் கட்டிய படகில் மணிக்கு 511 கிலோமீட்டர் வேகத்தை எட்டிப் பத்திரமாகத் திரும்பினார். அந்தச் சாதனையை இன்றுவரை எவரும் மிஞ்சவில்லை. அவருடைய யந்திரமோ ராணுவத்தார் கழித்து விற்ற பழைய ஜெட் யந்திரம்!

படகைக் காட்டிலும் பெரிய விஷயம்

இவ்வளவு சொன்ன பிறகு, பெற்றோர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய சில விஷயங்களையும் சொல்ல வேண்டும். முதலாவது, நடுத் தண்ணீரில் நின்று போன படகை எடுக்க எவரும் நீந்திப் போகக் கூடாது. பவானியும் காவேரியும் வெளியே சாந்தமாகத் தோன்றினாலும் உள்ளே சுழலும், பாறையும், மணல் தோண்டிய பள்ளமும் உண்டு. இரண்டு கிலோ படகுக்காக ஒரு வீட்டின் விளக்கை அணைத்துவிடக் கூடாது. தூண்டில் கோலின் நுனியில் பந்து ஒன்றைக் கட்டி எறிந்து, நூலால் வளைத்துப் படகை இழுத்துக் கொள்ளலாம். படகின் உள்ளே மிதவைப் பஞ்சு அடைத்திருந்தால் கவிழ்ந்தாலும் மூழ்காது. காத்திருந்தால் காற்றே கரை சேர்க்கும்.

இரண்டாவது, லித்தியம் பாட்டரி. இதில் இருக்கும் சக்தி மோட்டாரை ஓட்டவும் வல்லது. வீட்டைக் கொளுத்தவும் வல்லது. மின்சாரம் ஏற்றும்போது ஓட்டுத் தரை மேல் வைத்து, பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும். இரவில் ஏற்றிவிட்டுத் தூங்குவது கூடாது. ஓடும்போது ஒவ்வொரு கலமும் மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக் கூடாது. உப்பிய பாட்டரியை மறுபடி தொடுவதே தப்பு.

மூன்றாவது, சுழலும் புரொப்பெல்லர் விரலை நறுக்கும் கத்தி. கரையில் முதலில் கைக் கருவியைப் போட்டு, பிறகுதான் படகின் பாட்டரியை இணைக்க வேண்டும். கழற்றும்போது வரிசை நேர்மாறு. ரேடியோச் செய்தி அறுந்து போனால் மோட்டார் தானே நிற்கும்படி அமைத்திருக்கிறதா என்பதை, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுக் கைக் கருவியை அணைத்து, வீட்டிலேயே பார்த்துக் கொள்ளலாம்.

நான்காவது, இடம். காலிங்கராயன் வாய்க்காலில் துணி துவைப்பவர்களும் குளிப்பவர்களும் இருக்கிறார்கள். அது படகு விளையாட்டுக்கு ஏற்றதல்ல. வெள்ளோட்டு ஏரியோ பறவைகளின் சரணாலயம். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே வந்து தங்கும் பறவைகளுக்கு நமது பையனின் சாதனையில் சிரத்தை கிடையாது. தெரிந்தவர்களின் தோட்டத்துப் பண்ணைக் குட்டை, சொந்தக்காரரின் அனுமதியோடும் பெரியவர் ஒருவரின் துணையோடும், போதுமானது. காலை வேளையில் காற்று எழுவதற்கு முன்னால் அதன் தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும்.

கைவேலையில் பழகிய வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு ஒரு நல்ல பள்ளிக்கூடம். தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் மாதிரிக் கப்பல் செய்வதை ஒரு போட்டியாகவே வைத்திருப்பதும் இதனால்தான். ஒரு மில்லிமீட்டரின் மதிப்பு என்ன என்பதைப் புஸ்தகத்தில் படித்தவனுக்கும், அந்த ஒரு மில்லிமீட்டரால் படகு குதிப்பதை நிறுத்திவிட்டு வழுக்கிக் கொண்டு ஓடுவதைக் கண்ணால் பார்த்தவனுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. பின்னால் அவன் பம்பு செய்தாலும், தறி செய்தாலும், மொனாக்கோவுக்குப் படகு கொண்டு போனாலும், அந்த ஒரு மில்லிமீட்டர் அவன் கூடவே போகும்.

ஆகையால், அடுத்த தடவை வீட்டுப் பிள்ளை பெரிய மோட்டார் வேண்டுமென்று கேட்டால், "இல்லை" என்று சொல்லிவிட வேண்டாம். ஓர் இரும்பு ஸ்கேலும், இரண்டு உப்புத்தாளும், ஒரு நோட்டுப் புஸ்தகமும் வாங்கிக் கொடுங்கள். நோட்டுப் புஸ்தகத்தில் பத்துப் பக்கம் எழுதி நிரப்பிய பிறகும் அவனுக்குப் பெரிய மோட்டார் தேவைப்பட்டால், அதற்குள் அதைக் கவிழ்க்காமல் ஓட்டத் தெரிந்தவனாக அவன் ஆகியிருப்பான்.